என் தங்கையின் கடன் அறிக்கை

சட்டை கசங்கியிருப்பதற்கு மன்னிக்க வேண்டும், மேடம். ஐம்பத்து நான்கு வயதாகிறது, எனக்கு இஸ்திரி போடத் தெரியாது. போன வாரம் முயன்று பார்த்தேன். காலரில் ஆரம்பிப்பதா, கையில் ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றதில் முதுகுப் பக்கம் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. இது அந்தச் சட்டை இல்லை. அது இதைவிட மோசம்.

நீங்கள் கொடுத்த வாக்குமூலப் படிவத்தில் 'செயலுக்கான காரணம்' என்று போட்டு இரண்டே வரி விட்டிருக்கிறார்கள். முகவரிக்கு ஐந்து வரி. கூடுதல் தாள் கேட்டபோது நீங்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள், நன்றி. இடது பக்கம் ஓரம் விட்டே எழுதுகிறேன். கோப்பில் துளை போடும்போது எழுத்து போகாது. இருபத்தாறு வருட ஆபீஸ் பழக்கம்.

கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் மூன்றாவது கவுன்ட்டர் என்னுடையது. கடன் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. மறுக்கிற அதிகாரமும் இல்லை. ஏன் மறுத்தார்கள் என்று விளக்குகிற அதிகாரம் மட்டும் இருந்தது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமியார் வீட்டில் திட்டு வாங்கியவர்கள் மாதிரி வந்து உட்காருவார்கள். நான் அவர்களுடைய கடன் அறிக்கையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். இது நீங்கள் வாங்கிய கடன். இது கட்டிய மாதம், இது கட்டாத மாதம். இங்கே இருப்பது, உங்களைப் பற்றி யார் யார் எப்போது விசாரித்தார்கள் என்கிற பட்டியல். அடிக்கடி கடன் கேட்டு விண்ணப்பித்தால் இந்தப் பட்டியல் நீளும், மதிப்பெண் இறங்கும். டாக்டர் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டுவார்கள். போகும்போது எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் பாருங்கள், தப்பு இருந்தால் அறிக்கை தயாரிக்கிற நிறுவனத்துக்கு உடனே எழுதிப் போடுங்கள் என்று. இதைப் பற்றி ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டு நாற்பது நிமிடம் பேசியும் இருக்கிறேன். கடைசிவரை பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒன்பது பேர் மழை விடுவதற்காகக் காத்திருந்தவர்கள்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். எனக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா போன பிறகு நான்காவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி, நாங்கள் இருவர். அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பிளாஸ்டரில் வாய் வார்ப்பாள், மெழுகில் ஈறு கட்டுவாள், ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். ஒரு பல்லின் ஓரத்தை நகக்கண் அளவு சீவ அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவள் சிரித்துத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

எல்லாம் ஒரு வாஷிங் மிஷினில் ஆரம்பித்தது. என் பெயரில் ஏற்கெனவே ஸ்கூட்டர் கடன் இருந்ததால் இதை அவள் பெயரில் தவணைக்கு எடுத்தேன். கேரண்டி கார்டு என்று சொல்லி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டினேன். அவள் கை ஈரத்தைத் துணியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் நீட்டுகிற தாளை யார் படிப்பார்கள்? பத்து மாதம் தேதி தவறாமல் கட்டினேன். தவணை விஷயத்தில் நான் அப்படிப்பட்ட ஆள்.

அதற்கு நடுவில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதானது. பழுது பார்க்க ஒருவர் வந்தார். அந்த வாரம் மூன்று முறை வந்தார். லிஃப்டில் அவ்வளவு கோளாறு கிடையாது. என் தங்கை அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஆறு மாதம் கழித்து அந்த லிஃப்ட்காரர் தலைவாரிக்கொண்டு எங்கள் வீட்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம், என் வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றார். தங்கமான மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

உள்ளே வாஷிங் மிஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. நாளை முதல் இதில் துணி போடுவது யார்? பொத்தானைத் திருப்பினால் போதும் என்று எனக்குத் தெரியும், எந்தப் பொத்தான் என்று தெரியாது. பெரிய குற்றம் செய்தவர்களுக்குப் பெரிய காரணம் இருக்கும், மேடம். பழி, பகை, ஆத்திரம். எனக்கு வாய்த்தது மூன்று நாள் அழுக்குத் துணியும் சாயங்கால டீயும்தான். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சம்மதம் என்று சொன்னேன். அந்த மாதம் தவணை கட்டவில்லை. அடுத்த இரண்டு மாதமும் கட்டவில்லை.

அவர்கள் பார்த்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் இரண்டு பேருடைய கடன் அறிக்கையையும் கேட்டார். நான் எதிர்பார்த்ததுதான். இப்போதெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். இவள் அறிக்கையில் தொண்ணூறு நாள் பாக்கி என்று வந்து நின்றது. நான் கடனே வாங்கவில்லையே என்றாள். மூன்றாவது கவுன்ட்டரில் தினமும் நான்கு பேர் சொல்கிற வாக்கியம் அது. அதனால் அது பொய் மாதிரியே ஒலிக்கும்.

லிஃப்ட்காரர் என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய் நின்றேன். மொத்தம் பத்து நிமிடம். அவள் நல்லவள், ஆனால் கொஞ்சம் கைமீறிச் செலவு செய்வாள், இது முதல் தடவை இல்லை, நான்தான் ஒவ்வொன்றாக அடைத்துவருகிறேன், நேராகக் கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வாள், அது ஒரு வியாதி மாதிரி என்றேன். என் குரல் தழுதழுத்தது. அதை நான் வரவழைக்கவில்லை, தானாகவே வந்தது. அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு போய் அவளிடம் நேராகக் கேட்டார். அவள் இல்லை என்று சத்தியம் செய்தாள்.

பணம் போயிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறாள் என்று நினைத்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த முறை லிஃப்ட் நின்றபோது வேறு ஒருவர் வந்தார்.

உங்கள் உதவியாளர் நேற்று, பணத்தை என்ன செய்தீர்கள் என்று நான்கு தடவை கேட்டார். ஒன்றும் செய்யவில்லை. கட்டாத தவணையை எல்லாம் மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக அது அப்படியே, வட்டியோடு இருக்கிறது. கணக்குப் புத்தகம் அலமாரியில் இரண்டாவது தட்டில். ஒரு காசு எடுத்ததில்லை. என்னைத் திருடன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

பாக்கி வசூலிக்கிறவர்களின் தொல்லை அவளுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் என் செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். கண்டபடி பேசுவார்கள். நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் சார் என்பேன்.

அவள் அழுதுகொண்டே, இது தப்பு என்று எழுதிப்போடு அண்ணா என்றாள். எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய கடிதங்களில் அதுதான் மிகச் சிறந்தது. மூன்று பத்தி, தேதி, கணக்கு எண், இணைப்புகள், எல்லாம் கச்சிதம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு அதை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு, ஐந்து வாரம் கழித்து பதிலையும் நானே டைப் அடித்தேன். 'தங்கள் முறையீடு பரிசீலிக்கப்பட்டது. பதிவு சரியானதே எனக் கண்டறியப்பட்டது.' நிஜமாக இருக்கட்டும் என்று இரண்டு எழுத்துப்பிழை சேர்த்தேன். பிழையாக எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒரு விஷயம். கெட்ட பதிவு நிரந்தரம் இல்லை. சில வருடம் போனால் அறிக்கையிலிருந்து தானாக உதிர்ந்துவிடும். அது சட்டம் காட்டும் கருணை. அதனால் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு செல்போன் தவணை, பிறகு ஒரு கிரெடிட் கார்டு, பிறகு ஒரு சின்னக் கடன். அடையாள அட்டை நகலும் கையெழுத்து மாதிரியும் என்னிடமே இருந்தன. எல்லாவற்றிலும் ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்துவேன். தொட்டிச் செடியைக்கூட நான் இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்ததில்லை.

இடையில் அவள் பாத்திரம் கழுவும்போது ஏதாவது பாட்டு முணுமுணுத்தால் எனக்குள் ஒரு கலக்கம் வரும். யாரோ இருக்கிறார்கள், அல்லது எங்கேயோ போகப் போகிறாள். மறுநாள் ஆபீஸில் அவள் பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுவேன். கிடைக்காது என்று தெரிந்தே போடுவது. விசாரித்தவர் பட்டியலில் ஒரு வரி கூடும், மதிப்பெண் கொஞ்சம் இறங்கும். பட்டியலில் அப்படிப்பட்டவை மட்டும் முப்பத்தொரு வரி இருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். பதினான்கு வருடத்தில் முப்பத்தொரு முறைதான் பாடியிருக்கிறாள். எண்ணிக்கையாகப் பார்த்தபோது எனக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அவள் ஒரு குட்டி நோட்டு வாங்கி, என்ன வாங்கினாலும் எழுதி வைக்க ஆரம்பித்தாள். ஊசி, நூல், பஸ் டிக்கெட். மாதக் கடைசியில் என்னிடம் காட்டுவாள், சரியா இருக்கா அண்ணா என்று. சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அறிக்கையில் புதுக் கடன் வரும். ஒருநாள் கேட்டாள். நான் செய்வது எனக்கே ஞாபகம் இல்லாமல் போகுமா அண்ணா என்று.

நான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே அவள், வெளியே நாற்காலியில் அவளுடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வருடம் சாப்பிட்டாள். அதைச் சாப்பிட்டால் காலையில் கை லேசாக நடுங்கும், அவள் தொழிலுக்கு அது ஆகாது. இரண்டு வார்ப்புகளைக் கீழே போட்டு உடைத்தாள். லேப் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே மாத்திரையை நிறுத்திவிட்டாள். சம்பளத்தை மட்டும் முழுதாக என் கையில் கொடுத்துவிடுவாள். "நீ இல்லேன்னா நான் தெருவுலதான் நிப்பேன், அண்ணா" என்பாள். வாய்க்கு வாய் நன்றி சொல்வாள். சொல்லாவிட்டால்கூட நான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த வருடம் அந்த முதலாளிக்குக் கண் மங்கிவிட்டது. வெளியாளுக்கு விற்க மனமில்லாமல், பாதி விலைக்கு இவளிடமே லேபைக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். இவள் அதை என்னிடம் சொல்லவில்லை. மேடம், உண்மையாகச் சொல்கிறேன், இத்தனை விவகாரத்திலும் என் மனம் புண்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். கூடப் பிறந்த அண்ணனிடம் மறைக்கலாமா?

நான் வேலை செய்யாத வேறு ஒரு நிறுவனத்தில் போய்க் கடன் கேட்டிருக்கிறாள். கவுன்ட்டரில் இருந்தது ஒரு சின்னப் பெண். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். மறுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கையில் என்ன ஃபைல் என்று கேட்டிருக்கிறாள். நான் வருடாவருடம் அச்செடுத்துக் கொடுத்த அறிக்கைகள். புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாமே இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறதே, முதல் பக்கம் எங்கே என்று கேட்டிருக்கிறாள். முதல் பக்கத்தில்தான் கடன் விண்ணப்பங்களில் கொடுத்த முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும். அறிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்க வேண்டியதே அங்கிருந்துதான். யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டதற்கு, அண்ணன் என்றிருக்கிறாள். அந்தப் பெண் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், முழு அறிக்கையையும் நேரடியாக நீங்களே எழுதிக் கேளுங்கள், வீட்டு முகவரி வேண்டாம், வேலை செய்கிற இடத்துக்கு வரவழையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எட்டு மாத அனுபவம். என்னிடம் பயிற்சி எடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உட்காரு என்றாள். மேஜையைத் துடைத்தாள். பல் ஓரம் பார்க்கிற பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் கவுன்ட்டரில் வைப்பதுபோலவே. பென்சில் முனையை ஓர் இடத்தில் வைத்தாள்.

"இது உன் நம்பர்தானே?"

ஆமாம் என்றேன். மறுக்க முடியாது, பதினெட்டு வருடமாக மாற்றாத நம்பர். மாற்றியிருக்கலாம். ஒரு புது சிம் வாங்குவது என்ன பெரிய செலவு? ஆயிரக்கணக்கான பேருக்கு அறிக்கை வாசித்துக் காட்டியவன், தன் நம்பரையே எழுதி வைத்திருக்கிறான். வசூலிக்கிறவர்கள் அவளுக்குப் போன் செய்து அவள் மனம் கஷ்டப்படக் கூடாதே என்பதுதான் காரணம். நல்ல எண்ணம்தான் காட்டிக்கொடுத்தது.

அவள் ஒவ்வொரு கணக்காகப் பென்சிலை நகர்த்தினாள். வாஷிங் மிஷின். செல்போன். கார்டு. நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. வேலையில் இருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வாஷிங் மிஷினுக்கே மறுபடி திரும்பி வந்தாள். கட்டாத முதல் மாதத்தின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவர்கிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அந்தப் பத்து நிமிடத்தையும் சொன்னேன். வியாதி மாதிரி என்ற இடத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அது நிஜம்னே நெனச்சுட்டேன் அண்ணா. எனக்கு வியாதின்னு."

"உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தேன். கேட்க அவள் அங்கே இல்லை. உள்ளே போய் ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியும் மெழுகு சீவும் கத்திகளும் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். கதவருகே செருப்பு மாட்டும்போது, என் தட்டு மேஜையிலேயே காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். வழக்கமாக எடுத்துவிடுவாள். அன்றைக்கு எடுக்கவில்லை.

மறுநாள் உங்களிடம் புகார் கொடுத்தாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பொய்க் கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டுவிட்டன, அறிக்கையிலிருந்து நீங்கிவிடும் என்றீர்கள். லேப் முதலாளி அவசரமில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவள் இப்போதைக்கு லேபின் பின் அறையில் தங்கியிருக்கிறாளாம். லிஃப்ட்காரருக்கு நீங்கள் போன் செய்தீர்கள் என்றும், அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்றும், விவரத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் லைனிலேயே இருந்தார் என்றும் உங்கள் உதவியாளர் சொன்னார். அதை என்னிடம் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆக, மேலே சொன்ன கடன்கள் அனைத்தையும் என் தங்கைக்குத் தெரியாமல் அவள் பெயரில் நான் வாங்கினேன். வேண்டுமென்றே கட்டாமல் விட்டேன். அவளுடைய கல்யாணத்தை நிறுத்தியது நான். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று அவளையே நம்பவைத்ததும் நான். யாரும் வற்புறுத்தாமல், சுயநினைவோடு எழுதுகிறேன். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஏழாம் தாளில் ஒரு அடித்தல் இருக்கிறது, அதன் பக்கத்திலும்.

ஒரே ஒரு வேண்டுகோள். லேபை வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று கடன் கொடுக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்களாம். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பாள், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். என் அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள், இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் தாமதம்கூட இருக்காது. நான் போடுகிறேன். எங்கே என்று காட்டினால் போதும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யாரும் கிடையாது, மேடம். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. வருடாவருடம் சரிபார்த்திருக்கிறேன்.